"பழகிக்கோ" என்று எங்களிடம் சொல்லாதீர்கள்



முதலாமாண்டு வரவேற்பு விழாக்கள் கோவையில் தொடங்கிவிட்டன. அவிநாசி ரோடு, பொள்ளாச்சி ரோடு, சத்தி ரோடு என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லூரி வாசலில் பேனர். உள்ளே குத்துவிளக்கு, பொன்னாடை, ஊக்கப்பேச்சாளர். பல்கலைக்கழக மானியக் குழு 2019ல் இதற்குத் 'தீக்ஷாரம்ப்' என்று பெயரும் வைத்துக் கொடுத்துவிட்டது. பேச்சாளர் மேடையில் அங்குமிங்கும் நடந்தபடி சொல்வது வருடா வருடம் ஒன்றுதான்: கூச்சப்படாதே, எல்லாரோடும் பழகு, கஷ்டம் வந்தால் பழகிக்கோ, ஜெயிப்பாய். கூலிக்காரர் மகன் கலெக்டரான கதை ஒன்று. கைதட்டல்.

அதே அரங்கின் கடைசி வரிசையில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். அவள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். காலையில் ஆபீஸ் ஜன்னலில் கேட்டார்களே, "ஃபீஸ் எப்பக் கட்டுவ?" என்று, அதுதான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கலெக்டர் கதை காதில் விழவில்லை.

நம் பிள்ளைகள் முதல் ஆண்டில் தடுமாறுவது பழகத் தெரியாததால் அல்ல. காசு நேரத்துக்கு வருவதில்லை, சான்றிதழ் கையில் இருப்பதில்லை, பாடம் புரியாத மொழியில் நடக்கிறது, சுற்றிலும் சாதி இருக்கிறது. இவை கல்லூரியும் அரசும் தீர்க்கவேண்டிய விஷயங்கள். இவற்றை மாணவரின் தன்னம்பிக்கைக் குறைவாக மாற்றிக் காட்டும் வேலையைத்தான் இந்த மேடைகள் செய்கின்றன.

'எல்லாரோடும் பழகு' என்கிறார்களே, பழக்கம் இங்கே எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்ப்போம். கொங்குப் பேச்சில் மரியாதை அதிகம் என்று பெருமையாகச் சொல்வார்கள். "எந்த ஊருங்க?" என்று முதல் கேள்வி வரும். ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமுங்களா?" அதற்கும் பிடிகொடுக்காவிட்டால், "நீங்க என்ன கூட்டமுங்க?" கூட்டம் என்பது கவுண்டர்களின் குலப் பிரிவு. அதற்குப் பதில் இல்லாதவர் 'நம்மாளு' இல்லை என்பது கேட்டவருக்கு உடனே தெரிந்துவிடும். மூன்று கேள்வி, மூன்றிலும் 'ங்க'. வகுப்பு தொடங்கி ஒரு வாரத்துக்குள் யார் டிபன் பாக்ஸில் யார் கைவைக்கலாம் என்பது முடிவாகிவிடுகிறது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். விடுதி அறைப் பேச்சிலிருந்து அந்தச் சொல்லை யார் நீக்குவது?

பிறகு அந்த அறிவிப்பு. "எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்க, ஆபீஸ்ல கூப்பிடறாங்க." இதைச் சொல்கிற ஆசிரியர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை, உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் அறுபது பேர் திரும்பிப் பார்க்க எழுந்து நிற்பவனுக்கு அதற்குப் பிறகு அந்த வகுப்பில் வேறு பெயர் கிடையாது. மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிகள் இதைத் தெளிவாகவே பாகுபாடு என்கின்றன. வகுப்பில் சாதிப் பெயரைச் சொல்லி அழைப்பது, 'ரிசர்வேஷன் ஸ்டூடன்ட்' என்று முத்திரை குத்துவது, மதிப்பெண் குறைந்ததற்குச் சாதியைக் காரணம் காட்டிப் பேசுவது, விடுதியிலும் படிப்பறையிலும் பிரித்து வைப்பது எல்லாமே அதில் வருகின்றன. ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்கவேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார்? பெயர் தெரியுமா? ரோஹித் வெமுலாவின் தாயும் பாயல் தட்வியின் தாயும் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, 2019ல் உச்ச நீதிமன்றப் படியேறிக் கேட்டதே இந்த விதிகளை நடைமுறைப்படுத்துங்கள் என்றுதான்.

ராகிங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1996ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் ஒழிந்துவிடவில்லை. 2023 நவம்பரில் கோவையிலேயே ஒரு தனியார் கல்லூரி விடுதியில் முதலாமாண்டு மாணவரிடம் காசு கேட்டு அடித்து மொட்டையடித்தார்கள். ஆனால் ஏழு பேர் கைதானார்கள். ராகிங்குக்குப் பலகை உண்டு, தொலைபேசி எண் உண்டு, பெற்றோர் கையெழுத்துப் போடும் உறுதிமொழி உண்டு. சாதிப் பாகுபாட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட ஒட்டியிருப்பதை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை.

பழகியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்லியாகவேண்டும். ஓமலூர் கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர். 2015 ஜூன் 23 அன்று, கூடப் படித்த தோழியோடு திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். தோழி கவுண்டர் சமூகத்துப் பெண். அவரைக் கடத்திக் கொண்டுபோனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் ரயில் தண்டவாளத்தில் உடலாகக் கிடந்தார். யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை. 2023ல் உயர் நீதிமன்றமும் யுவராஜின் தண்டனையை உறுதிசெய்தது. உடுமலை சங்கர் பொள்ளாச்சியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். கல்லூரியில் அறிமுகமான கௌசல்யாவைத் திருமணம் செய்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். மேடையில் சொன்ன அறிவுரையைத்தான் இருவரும் பின்பற்றினார்கள். யாரோடும் பேசாமல் ஒதுங்கியிரு என்று எந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் நாங்கள் சொல்லமாட்டோம். பேசுங்கள், சிநேகம் வையுங்கள். மிரட்டல் வந்தால் அதை உங்கள் சொந்தப் பிரச்சினையாகச் சுமக்காதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பெயரை அதில் எழுதுங்கள், எங்களையும் கூப்பிடுங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். எண்ணிக்கையில் பார்த்தால் சாதித் திமிரைவிட அதிகமான பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளுவது அதுதான் என்பது எங்கள் கணிப்பு.

தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியலின, பழங்குடி, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012ல் அரசாணை 92 வந்தது. ஒன்றிய அரசின் 2021 வழிகாட்டுதலின்படி உதவித்தொகையில் ஒன்றியத்தின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. பணம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். கேட்க நன்றாக இருக்கிறது. கல்லூரி கேட்பது சேர்க்கையின்போது. பணம் வருவதோ பல மாதம் கழித்து. இடையில் என்ன செய்வது? அதே வழிகாட்டுதலில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஒன்று இருக்கிறது. முன்பணம் கட்ட முடியாத பட்டியலின மாணவருக்கு மாநிலம் அந்த அட்டையைக் கொடுக்கவேண்டும், அதைக் காட்டினால் கல்லூரி கட்டணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளவேண்டும். எத்தனை பேருக்கு இது தெரியும்? மூன்று நாள் புத்தாக்கப் பயிற்சியில் மூளையின் வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்களே, இதை ஏன் சொல்லவில்லை?

வருமான வரம்பு இரண்டரை லட்சம். பத்தாண்டுக்கு மேலாக அதே எண். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கு 450 ரூபாய் கூலிக்கு மாதம் 25 நாள் வேலைக்குப் போனால் வருடத்துக்கு 2,70,000. அவ்வளவுதான், அந்த வீட்டுப் பிள்ளை 'வசதியானவர்' ஆகிவிடுகிறார். வரம்புக்குள் வந்தவருக்கு மட்டும் என்ன கிடைக்கிறது? வீட்டிலிருந்து போய்வந்து பி.ஏ., பி.எஸ்சி. படிப்பவருக்குப் படிப்புப் படி ஆண்டுக்கு 3,000 ரூபாய், மாதம் 250. அரசு கல்லூரி விடுதிகளில் உணவுப்படியை 2023ல் மாதம் 1,100லிருந்து 1,500 ஆக்கினார்கள், நாளுக்கு 50 ரூபாய். 2025ல் அந்த விடுதிகளுக்குச் 'சமூக நீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் நல்ல பெயர்தான், சோறும் அதே தரத்தில் இருக்கட்டும். தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கினார்கள். மாதம் ஆயிரம் பல வீடுகளில் பஸ் காசும் நோட்டுக் காசும் ஆகியிருக்கிறது, மறுக்கவில்லை. தனியார் கல்லூரி ஜன்னலில் கேட்கும் தொகைக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

காசு கட்டாதவரை அசல் சான்றிதழ் வராது என்பது அடுத்த பூட்டு. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று மானியக் குழு 2018லேயே சொல்லியாகிவிட்டது. ஆனாலும் பீரோவுக்குள்தான் இருக்கின்றன. அந்தப் பையனால் இங்கே தொடரவும் முடியாது, வேறு அரசுக் கல்லூரிக்குப் போகவும் முடியாது. தீபாவளி நெருங்கும்போது திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங், பேக்கிங் வேலைக்குப் போய்விடுகிறான். சனிக்கிழமையானால் சம்பளம். பெண்ணாக இருந்தால் மில். ஊரில் கேட்டால் "படிப்பு ஏறலைங்க" என்பார்கள்.

மேடைகளில் அம்பேத்கரைத் தன்னம்பிக்கைச் சின்னமாக்கிவிட்டார்கள். அவர் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்தது பரோடா மன்னர் கொடுத்த மாதம் 25 ரூபாயில். 1913ல் கொலம்பியா போனதும் பரோடா உதவித்தொகையில்தான். படித்து முடித்து வந்தவர் ஊக்கப்பேச்சு பேசிக்கொண்டிருக்கவில்லை. 1942ல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் மனுக் கொடுத்து நம் மாணவர்களுக்கு நிதி கேட்டார். 1944லிருந்து நடக்கும் மேற்படிப்பு உதவித்தொகைக்கு வேர் அங்கே இருக்கிறது. அது கேட்டு வாங்கிய காசு. ஜன்னலில் நிற்கும்போது தலைகுனியாதீர்கள். கொங்கில் அருந்ததியர் பிள்ளைகளை '3 பர்சன்ட்' என்று கிண்டல் செய்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: 2009ல் வந்த அந்த உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமே சரியென்று சொல்லிவிட்டது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் தோழர்களுக்கு: தமிழ் வழியில் படித்துவந்தவர் முதல் இன்டர்னலில் ஏழு மதிப்பெண் வாங்கியதும் தனக்கு மூளை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். கணக்குத் தெரியும், 'டிரைவ் தி எக்ஸ்பிரஷன்' என்றால் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதுதான் தெரியாது. உங்கள் பழைய நோட்டையும் வினாத்தாளையும் எடைக்குப் போடாமல் கொடுங்கள். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடத்தைத் தமிழில் பேசுங்கள், பிறகு ஆங்கிலத்தில் எழுதவையுங்கள். முதல் செமஸ்டரில் நாலு அரியர் விழாமல் காப்பாற்றினால் பாதி பேர் நின்றுவிடுவார்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பாகுபாடு தடுப்பு அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு முதல்வருக்கு எழுத்தில் ஒரு மனு. ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலர் இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை காலை ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நில்லுங்கள். கையில் 2021 வழிகாட்டுதலின் நகல், அரசாணை 92இன் நகல், ஒரு பேனா. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றும் இருக்கிறதா என்று வருகிறவரிடம் மெல்லக் கேளுங்கள். இல்லாதவரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கேட்கும்போது யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்.

ஜெய்பீம்.