மடங்கு சொல்லும் முன் அளவைச் சொல்வோம்

ஒரு சிறு கணக்கோடு தொடங்குகிறோம். 25 கிலோ அரிசிச் சிப்பம் 1,400 ரூபாய். அதே ரகத்தில் 26 கிலோ சிப்பம் 1,430 ரூபாய். எது மலிவு? நம்மில் எவரும் 1,400தான் குறைவு என்று சொல்லிவிட மாட்டோம். முதலாவது கிலோ 56, இரண்டாவது கிலோ 55 என்று கை தராசில் இருக்கும்போதே வாய் சொல்லிவிடும். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்து, 26 கிலோ சிப்பங்கள் சந்தையில் இறங்கியபோது, இந்தக் கணக்கை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எண்ணெயிலும் அப்படித்தான். லிட்டர் விலையையும் கிலோ விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பேசமாட்டோம். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம்தான் என்பது நம் கடைப் பையனுக்கும் தெரியும். நம் தகப்பனார் காலத்தில் வீசையும் பலமும் போய் கிலோவும் கிராமும் வந்தபோதுகூட, 40 பலம் ஒரு வீசை, ஒரு வீசை சுமார் 1,400 கிராம் என்று மனத்தில் மாற்றிக் கணக்குப் பார்த்துத்தான் சரக்கு எடுத்தார்கள். இரண்டு பொருளை ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது நம் தொழிலின் அரிச்சுவடி.

விலையில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், சத்து என்று வரும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வெளியாரைக் குறை சொல்ல எழுதவில்லை. தவறு செய்தது எங்கள் கடை.

2023ஆம் ஆண்டு சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். கேழ்வரகு, கம்பு, தினை, சாமை எல்லாவற்றுக்கும் கேட்பு கூடியது. அந்த வேகத்தில் நாங்களும் ஒரு நோட்டீஸ் அச்சடித்தோம். "பாலைவிட மூன்று மடங்கு கால்சியம் கேழ்வரகில்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, மூட்டைக்குப் பத்து என்று சில்லறைக் கடைகளுக்குக் கொடுத்தனுப்பினோம். சரக்கு நன்றாகவே நகர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் பணம் கட்ட வந்தவர், கல்லாப் பக்கத்தில் நின்றபடி கேட்டார்: "அண்ணாச்சி, எங்க தெருவுல ஒரு அம்மா உங்க நோட்டீசைப் பார்த்துப் பிள்ளைக்குப் பாலை நிறுத்திட்டாங்க. தினம் ஒரு டம்ளர் கேப்பைக் கூழ்தானாம். மூணு மடங்குன்னு போட்டிருக்கே, போதும்ல அண்ணாச்சின்னு என்கிட்ட கேக்காங்க. நான் என்ன சொல்லட்டும்?"

எங்களிடம் பதில் இல்லை. நோட்டீசில் இருந்த வரி பொய்யில்லை என்று மட்டும் தெரியும். அன்று மாலை கடை சாத்திய பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுப் பொருள்களுக்கான சத்து அட்டவணையை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் சுமார் 364 மில்லிகிராம். 100 கிராம் பசும்பாலில் சுமார் 118. வகுத்தால் மூன்று மடங்கு சரிதான். ஆனால் இது நூறு கிராமுக்கு நூறு கிராம் கணக்கு. அந்தப் பிள்ளை குடிப்பதோ ஒரு டம்ளர் கூழ். ஒரு டம்ளர் கூழுக்கு எவ்வளவு மாவு? இரண்டு கரண்டி, அதாவது சுமார் 20 கிராம். மீதியெல்லாம் தண்ணீர். 20 கிராம் மாவில் கால்சியம் 73 மில்லிகிராம். அதே டம்ளரில் 200 மில்லி பால் ஊற்றினால் சுமார் 240 மில்லிகிராம்.

அதாவது, டம்ளருக்கு டம்ளர் பார்த்தால் பாலில்தான் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. நாங்கள் அச்சடித்த மடங்கு அப்படியே தலைகீழாகிவிட்டது. புரதமும் அப்படியே. 20 கிராம் கேழ்வரகு மாவில் ஒன்றரை கிராம்கூட இல்லை. ஒரு டம்ளர் பாலில் ஆறு கிராமுக்கு மேல். இன்னொன்றும் உண்டு. கேழ்வரகில் உள்ள பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலுக்கு முழுவதும் சேர விடாது. ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும். நம் பாட்டிமார் முளைகட்டிக் காயவைத்து அரைத்தது வீண் வேலை அல்ல.

இதனால் கேழ்வரகு மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் நூறு கிராம் மாவில் களி சாப்பிட்டால் 364 மில்லிகிராமும் தட்டில் இருக்கிறது. 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு வகுத்த தினசரி அளவு 1,000 மில்லிகிராம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வேளையில் வந்துவிடும். காசுக் கணக்கிலும் கேழ்வரகுதான் முன்னால் நிற்கும். கேழ்வரகு கிலோ 50, பால் லிட்டர் 50 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்க்குக் கேழ்வரகில் 73 மில்லிகிராம் கிடைக்கும், பாலில் 24தான். ஆக, நூறு கிராமுக்கு என்றால் ஒரு விடை, டம்ளருக்கு என்றால் ஒரு விடை, ரூபாய்க்கு என்றால் ஒரு விடை. மூன்றும் உண்மை. எந்தக் கேள்விக்கு எந்த விடை என்று சொல்லாமல் விட்டதுதான் எங்கள் தவறு.

அந்தத் தாய்க்குக் கடைக்காரர் மூலம் விவரம் சொல்லி அனுப்பினோம். "பாலை நிறுத்த வேண்டாம் தாயி, கூழும் கொடு, பாலும் கொடு, சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கேள்" என்பதே அந்தச் செய்தி. இப்போது இரண்டும் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மிச்சமிருந்த நோட்டீஸ்களைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டோம்.

இதற்குப் பிறகு பார்க்கும் இடமெல்லாம் இதே குழப்பம் கண்ணில் படுகிறது. முருங்கைக் கீரைப் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கீரை 100 கிராமில் கால்சியம் சுமார் 314 மில்லிகிராம். தண்ணீர் மட்டும் 75 கிராம். நாலு கிலோ கீரை காய்ந்தால் ஒரு கிலோ பொடி. எனவே 100 கிராம் பொடியில் 1,250 மில்லிகிராம் வருகிறது. பச்சையாக இருந்தபோது பாலைவிட இரண்டரை மடங்கைத் தாண்டியிருந்த கீரை, காய்ந்ததும் பத்து மடங்கு என்று விளம்பரமாகிறது. சத்து பெருகவில்லை, தண்ணீர் போயிருக்கிறது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் நெல்லை வாங்க மறுக்கும் கொள்முதல் நிலையத்தையும், தேங்காய்க்கு ஒரு விலை கொப்பரைக்கு ஒரு விலை போடும் நம்மையும் இந்த மடங்கு ஏமாற்றலாமா? ஒரு தேக்கரண்டிப் பொடி 5 கிராம். அது 20 கிராம் பச்சைக் கீரைக்குச் சமம். ஒரு பிடி கீரைக் கூட்டு அதைவிட அதிகம்.

பாக்கெட் சரக்கில் வேறு விதம். 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, சத்து விவரத்தைப் பொதுவாக 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிக்கு இவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். ஒரு பரிமாறலில் தினத் தேவையில் எத்தனை சதவீதம் என்பதும் இருக்கும். கவனிக்க வேண்டியது அந்தப் பரிமாறலின் அளவை. 200 கிராம் மிக்சர் பாக்கெட்டில் ஒரு பரிமாறல் 20 கிராம், அதில் சோடியம் 160 மில்லிகிராம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்க்கச் சிறிய எண். பாக்கெட் முழுவதும் தின்றால் 1,600 மில்லிகிராம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. ஆக 4 கிராம் உப்பு. நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தக்காரர் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்ல நமக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

உப்பிலேயே இன்னொரு கணக்கு உண்டு. அயோடின் உப்பு நம் கடையில் இருக்கும்போது குறைந்தது 15 பி.பி.எம். இருக்க வேண்டும். பத்து லட்சம் பங்கில் 15 பங்கு என்று பொருள். கிலோவுக்கு 15 மில்லிகிராம். கிராமுக்கு 15 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். மில்லியையும் மைக்ரோவையும் மாற்றிப் படித்தால் ஆயிரம் மடங்கு பிசகும். இவ்வளவு நுணுக்கமான அளவில் உள்ள சத்து, மூட்டையை வாசலில் வெயிலிலும் ஈரத்திலும் போட்டால் குறைந்துபோகும். இது கம்பெனியின் பொறுப்பு அல்ல, நம்முடையது.

ஏழை எளிய வாடிக்கையாளருக்கு இந்தக் கணக்கு நேரடியாகக் காசு மிச்சம். துவரம்பருப்பிலும் கொள்ளிலும் 100 கிராமுக்குப் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான், 21.7 கிராம். துவரம்பருப்பு கிலோ 150, கொள்ளு கிலோ 75 என்று வைத்தால், நூறு ரூபாய்க்குத் துவரையில் 145 கிராம் புரதமும் கொள்ளில் 290 கிராமும் கிடைக்கும். விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்கு மாறாது. துவரை விலை ஏறும் மாதங்களில் "வாரம் இரண்டு நாள் கொள்ளு ரசம் வையுங்கள்" என்று சொல்லும் கடைக்காரரை அந்தக் குடும்பம் மறக்காது.

"நாம் வியாபாரிகள்தானே, டாக்டரா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டாக்டராக வேண்டாம். ஆனால் சத்தைச் சொல்லி விற்கத் தொடங்கியவர்கள் நாம்தான். சொன்ன பிறகு அளவு சொல்ல மாட்டேன் என்றால், எடை போட்டுவிட்டுப் படிக்கல்லைக் காட்ட மறுப்பதற்குச் சமம். சட்டமும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் 53ஆம் பிரிவின்படி, தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விளம்பரம் என்றால் தொலைக்காட்சி மட்டும் அல்ல. நோட்டீஸ், லேபிள், மேலுறை, பில் எல்லாம் அதில் அடக்கம்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறோம். சத்தைப் பற்றி எந்தக் கடையில் எந்த அட்டை தொங்கினாலும் அதில் மூன்று விவரம் இருக்கட்டும். ஒன்று, எத்தனை கிராமுக்கு. இரண்டு, பச்சையா, காய்ந்ததா, சமைத்ததா. மூன்று, வழக்கமாக ஒருவர் உண்ணும் அளவில் எவ்வளவு. இந்த மூன்றும் இல்லாமல் "மடங்கு" என்ற சொல்லையே எழுத வேண்டாம். இருபது, முப்பது பொருள்களுக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, ஒரே தாளில் அச்சடித்து உறுப்பினர்களுக்குச் சங்கமே கொடுக்கலாம்.

எங்கள் புது நோட்டீசில் இப்போது இப்படி இருக்கிறது: "கேழ்வரகு மாவு 100 கிராமில் கால்சியம் சுமார் 364 மி.கி. 20 கிராம் மாவில் செய்த ஒரு டம்ளர் கூழில் சுமார் 73 மி.கி. பாலுக்குப் பதில் அல்ல, பாலோடு சேர்த்து." பழைய நோட்டீசைப் போலக் கவர்ச்சி இல்லை என்று சில்லறைக் கடைக்காரர்கள் இருவர் வேறு இடத்தில் சரக்கு எடுக்கப் போய்விட்டார்கள். நஷ்டம்தான். அன்று கல்லாப் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டவர் மட்டும் இன்னும் நம்மிடமே வாங்குகிறார். நம் தராசில் முள் நடுவில் நிற்க வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னது எடைக்கு மட்டும் அல்ல, சொல்லுக்கும் சேர்த்துத்தான் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.