வேப்பமர நிழலும் ஐநூறு ரூபாயும்

சகோதரிகளே, இந்தத் தடவை ஊறுகாய் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழில். அதற்குள் எங்கள் ஊரில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். காரோ ஸ்கூட்டரோ வைத்திருக்கிற வீடுகளுக்கு உபயோகப்படும்.

போன கார்த்திகையில் என் நாத்தனார் குடும்பம் குரோம்பேட்டையிலிருந்து வந்திருந்தது. நாலு நாள் விடாத மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பளிச்சென்று வெயில். "அண்ணி, மலைமேலே கோயிலுக்குப் போய்ட்டு வந்துடலாமே" என்றாள். பெருமுக்கல் மலை சின்னதுதான், ஆனால் அதன் பேர் பெரிது. பாறையில் பழங்காலத்துக் கீறல் ஓவியங்கள் இருக்கின்றன. 1760-ல் இந்த மலைக் கோட்டைக்காகவே வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போட்டார்களாம். அதே மலை அடிவாரத்தில் நான் ஒரு காருக்காகச் சண்டை போடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அடிவாரத்துத் திடலில் வேப்பமர நிழலில் அண்ணா (நாத்தனார் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) காரை நிறுத்தினார். கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கினால், முன் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டு! பக்கத்தில் ரசீதுப் புத்தகத்தோடு ஒரு பையன். "தனியார் இடம், அனுமதி இல்லாம நிறுத்தியிருக்கீங்க, ஐநூறு ரூபாய் அபராதம்" என்றான். பலகை எங்கேப்பா என்று கேட்டால், சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் காட்டினான். அது ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சுற்றிப் போய்ப் படித்தால்தான் எழுத்து தெரியும். தொகையோ அடியில் எறும்பு சைஸில்.

"விடுங்க அண்ணி, ஐநூறுதானே" என்று நாத்தனார் சொல்ல, அண்ணா போனிலேயே பணத்தை அனுப்பிவிட்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி கையிலிருந்து பணம் போகலாமா? அதுவும் நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்தத் திடலில் ஊரே நெல் அடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். களத்துமேடு எப்படித் தனியார் இடமாச்சு?

ரசீதையும் பலகையையும் என் பெண்ணை விட்டுப் படம் எடுக்கச் சொன்னேன். பலகையை ரோட்டிலிருந்து ஒன்று, நேராக ஒன்று. இதை மட்டும் மறக்காதீர்கள். அடுத்த நாளே பலகையைத் திருப்பி வைத்துவிட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது?

நிலத்துக்காரரிடம் போய்க் கேட்டேன் (பெயர் வேண்டாம், ஒரே ஊர்). "அக்கா, அது என் பட்டா. உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். பத்தாம் வகுப்புப் படித்தவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பதுபோல் இருந்தது. சரி, தெரிந்துகொள்கிறேன் என்று கிளம்பினேன்.

வருவாய்த் துறையின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் போட்டால் 'அ' பதிவேடும், புலப்படமும் வீட்டிலிருந்தே பார்க்கலாம், காசு கிடையாது. 'அ' பதிவேட்டில் நிலம் பட்டாவா புறம்போக்கா, புறம்போக்கு என்றால் எதற்கு விட்டது என்று இருக்கும். புலப்படத்தில் எல்லைக் கோடுகளும் ஒவ்வொரு கோட்டுக்கும் எத்தனை மீட்டர் என்ற கணக்கும் இருக்கும். பார்த்தோம். அங்கே இருப்பது ஒரு நம்பர் இல்லை, இரண்டு. ஒன்று களம் புறம்போக்கு, ஒன்று பட்டா. கார் நின்றது எதில்?

என் வீட்டுக்காரர் டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், முணுமுணுத்துக்கொண்டேதான். சர்வே கல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கல் இல்லாமல் எங்கிருந்து அளப்பது? நாமே அளந்தாலும் அது செல்லாது, சர்வேயர்தான் அளக்கவேண்டும் என்று வி.ஏ.ஓ. சொன்னார். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையில் ரேஷன் கடையில் அந்தப் பையனின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். உப்பளத்து வேலை. மழைக்காலத்தில் பாத்தி எல்லாம் தண்ணீரில் முழுகிவிடும், தை மாசிக்குப் பிறகுதான் மறுபடி கூலி. "ஒரு ரசீதுக்கு அம்பது ரூபா தராங்க அவனுக்கு. நீங்க ஐநூறுக்கு அலையறீங்க, எங்க வீட்ல அந்த அம்பதுலதான் அடுப்பு எரியுது" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. சர்க்கரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் தப்பு பையனுடையது இல்லையே.

இங்கிலாந்தில் இருக்கும் என் சித்தி பெண்ணிடம் புலம்பியபோது அவள் ஒரு வழக்கைச் சொன்னாள். செம்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 2013-ல் பீவிஸ் என்பவர் கடைத் திடலில் இரண்டு மணி நேர இலவச நேரம் தாண்டி 56 நிமிஷம் காரை விட்டுவிட்டார். 85 பவுன் கட்டச் சொன்னார்கள். சுப்ரீம் கோர்ட் வரை போய் 2015-ல் தோற்றார். ஏன் தெரியுமா? இருபதுக்குப் பக்கமாகப் பலகைகள், எல்லாம் பெரிய எழுத்தில், யாரும் பார்க்காமல் போகமுடியாதபடி வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பலகை அந்தக் கோர்ட்டில் நின்றிருக்குமா, சொல்லுங்கள்!

நம் நாட்டிலும் சீட்டில் அச்சடித்துவிட்டால் மட்டும் எல்லாம் செல்லுபடி ஆகிவிடாது. 1998-ல் டில்லி தாஜ்மகால் ஓட்டலில் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் போனவரின் கார் திருட்டுப் போயிற்று. 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் இருக்கிறதே என்றது ஓட்டல். 2019-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை, ஓட்டல்தான் பொறுப்பு என்றது. நுகர்வோர் குறை என்றால் 1915 என்ற எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சின்னத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை.

தை மாசம் சர்வேயர் வந்தார். ஊரில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை அளந்தார். மண்ணைத் தோண்டியதில் ஒரு பழைய கல் கிடைத்தது. ரோட்டோரமாகத் திடலில் பெரும்பகுதி களம் புறம்போக்குதான். நான் சொன்னது சரி! ஆனால் வேப்பமரம்? அது பட்டாவில் இருந்தது. நிழலைத் தேடிப்போய் நிறுத்திய கார், அச்சு அசலாக அவருடைய நிலத்தில்தான் நின்றிருந்தது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அப்போதுதான், இத்தனை நாள் "எதுக்கு ஊர்ப்பகை" என்று சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "கல்லு உன் பக்கம் இருக்குப்பா, ஒத்துக்கறோம். வாடகை கேட்க உனக்கு உரிமை இருக்கு. அபராதம் போட நீ என்ன மாஜிஸ்திரேட்டா? ரோட்டுக்கு வந்து நின்னு, உன் பலகையை நீயே படி பார்க்கலாம்."

அவர் நிஜமாகவே ரோட்டுக்குப் போய் நின்றார். படிக்க முடியவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானூற்றைம்பது ரூபாயைக் கொடுத்தார். ஐம்பது நிறுத்தினதுக்கு என்றார். அது நியாயம் என்றே எனக்குப் பட்டது, வாங்கிக்கொண்டேன்.

இப்போது புதரை வெட்டி, பலகையை ரோட்டைப் பார்க்க நட்டிருக்கிறார். கார் முப்பது, இரண்டு சக்கரம் பத்து. புறம்போக்கில் நிறுத்தினால் ஒன்றும் கிடையாது. நடுவில் வெள்ளையடித்த கல் வரிசை. பையனுக்கு நாள் கூலி பேசியிருக்கிறார்களாம். அவன் அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சிவராத்திரிக்கு நாத்தனார் மறுபடி வந்தாள். வெயில் ஜாஸ்தி என்று அண்ணா மறுபடியும் வேப்பமரத்தடிக்கே காரை விட்டார். ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, "பாக்கியை வெச்சுக்கப்பா" என்றார். பையன் ரசீதைக் கிழித்து, இருபது ரூபாயை அவர் கையில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.