ஒரு பாடநூலுக்கு இரண்டு மூடை நெல்

பிரதமரும் கல்வி, உயர்கல்வி அமைச்சருமான கலாநிதி ஹரிணி அமரசூரிய அவர்களுக்கு,

சொறிக்கல்முனை உங்களுக்குத் தெரிந்த ஊராக இருக்க வேண்டும் என்றில்லை. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைப் பக்கமாகப் போய், கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து, சவளக்கடை தாண்டினால் வருகிற வயற்கிராமம். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் கல்முனைக்குப் போகிற பிள்ளை வீட்டிலேயே நிற்க வேண்டியதுதான். பல வீடுகளில் வருமானம் வயலிலிருந்து வருகிறது. அதனால் இந்த மடலிலும் கணக்கு நெல்லில்தான்.

2025 பெப்ரவரியில் உங்கள் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று உத்தரவாத விலை அறிவித்தது. அதே மாதம் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல புலமைப்பரிசில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. நல்ல காரியம், பல வருடமாக அசையாமல் கிடந்த தொகை அது. நெல்லில் சொன்னால் மாதம் ஏறக்குறைய 62 கிலோ.

இனி, வெளிநாட்டில் 50 டொலர் விலை போட்ட ஒரு பொறியியல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 15,000 ரூபாய். கப்பல் கூலியும் புத்தகக் கடைக்காரரின் இலாபமும் இதில் சேரவில்லை. அந்த 7,500 ரூபாய்க் கணக்கில் இரண்டு மாத மகாபொல முழுவதும் ஒரே நூலுக்குப் போய்விடும். தகப்பன் நெல் விற்றுத்தான் கொடுக்கிறார் என்றால் 125 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு மூடை. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் நின்றபோது இதே நூல் 10,000 ரூபாய். சில மாதங்களில் டொலர் 360ஐத் தொட்டபோது 18,000. நூலில் ஒரு வரிகூடக் கூடவில்லை.

ஆகவே யாரும் வாங்குவதில்லை. பல்கலைக்கழகங்களைச் சுற்றி உண்மையான புத்தகக் கடை எதுவென்றால் அது போட்டோக்கொப்பிக் கடைதான். மூலநூலை மாணவர் கண்டிருக்க மாட்டார். கொப்பியின் கொப்பியின் கொப்பி கைக்கு வரும். வரைபடத்தில் கறுப்பும் சாம்பலும் ஒன்றாகிக் கிடக்கும். ஓரத்து எழுத்துகள் ஸ்பைரல் கம்பிக்குள் மறைந்திருக்கும். யாரோ ஒரு அக்கா மூன்று வருடத்துக்கு முன் பென்சிலால் எழுதிய குறிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். சில நேரம் பாடத்தைவிட அந்தக் குறிப்புத்தான் விளங்கும். மீதிப்பேர் கீறல் விழுந்த போன் திரையில் பிடிஎஃப்பை விரலால் பெருப்பித்து வாசிக்கிறார்கள். டேட்டா முடிந்தால் வாசிப்பும் முடிந்தது.

கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியை இந்தக் கரையோரத்தில் யாரும் குறைவாகப் பேச மாட்டார்கள். வயற்காரர் வீட்டிலிருந்தும் மீனவர் வீட்டிலிருந்தும் வைத்தியர் வந்தது அதனால்தான். 1980இலிருந்து பாடநூலும் இலவசமாக வருகிறது. ஆனால் 11ஆம் தரத்தோடு அது நின்றுவிடுகிறது. உயர்தரத்துக்குப் போன அன்றே பிள்ளை டியூசன் வகுப்பின் டியூட்டுக்கும் கடந்தகால வினாத்தாள் தொகுப்புக்கும் காசு தேடத் தொடங்குகிறது. தேசிய கல்வி நிறுவகம் சில பாடங்களுக்கு வளநூல் வெளியிட்டிருக்கிறது. அதை இணையத்திலிருந்து இறக்கி அச்செடுப்பது மறுபடியும் வீட்டுக்காசில்.

உயர்தரத்தில் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகம் கிடைக்கிறது. இங்கே பேச்சு, இலவசம் என்று சொல்லி உள்ளே எடுக்கப்பட்டவர்களைப் பற்றி. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய, ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இந்தப் பிரதேசத்தின் பெருமை. தமிழில் உயர்தரம் எழுதிய பிள்ளை அங்கே பொறியியலுக்குப் போனாலும், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானத்துக்குப் போனாலும் முதல் வருடமே ஆங்கில நூலோடு மல்லுக்கட்ட வேண்டும். நூல் கையில் இருந்தால் இரவில் அகராதியோடு இருந்து பிடித்துவிடலாம். இல்லாத நூலை எந்த அகராதி வைத்துப் படிப்பது?

புலமைப்பரிசிலை மட்டும் கூட்டிக்கொண்டு போவது இதற்கு மருந்தாகாது. 2025இல் உயர்ந்த அந்த 7,500 ரூபாயிலும் சாப்பாடு, பஸ், அறை வாடகை எல்லாம் போக நூலுக்கு மிஞ்சியது சொற்பம். எல்லா மாணவருக்கும் கூட்டுகிற அதே காசில் நூலகம் ஒரு நூலுக்குப் பத்துப் பிரதி வாங்கி, வெளியே கொடுக்காத மேசையில் வைத்தால் ஒரு வகுப்பே வருடக்கணக்காக வாசிக்கும்.

நூலின் பக்கங்களைப் பிரதி எடுத்து மாணவருக்குக் கொடுக்கச் சட்டமும் பெரிய தடையாக நிற்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, கற்பித்தலுக்காக நியாயமான அளவில் பிரதி எடுப்பதை, வகுப்பறைக்கான பல பிரதிகள் உட்பட, அனுமதிக்கிறது. டில்லிப் பல்கலைக்கழகத்தில் இது வழக்காகவே போனது. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும் 2012இல் ராமேஸ்வரி என்ற போட்டோக்கொப்பிக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குப் போட்டன. நூல்களிலிருந்து பக்கங்களைத் தொகுத்துப் பாடத்தொகுப்பு விற்றதுதான் குற்றச்சாட்டு. 2016 செப்டெம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேன்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் கற்பித்தலுக்குத் தேவையான அளவு பிரதி எடுக்கலாம் என்றது. 2017இல் பதிப்பகங்களே வழக்கை விட்டுவிட்டன. இந்தியச் சட்டம் வேறு, இலங்கைச் சட்டம் வேறுதான். என்றாலும் இங்குள்ள விரிவுரையாளர் எத்தனை பக்கம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒரு தெளிவான சுற்றறிக்கை தரலாமே. தெளிவான அச்சில், அடக்க விலையில் பாடத்தொகுப்பு கிடைத்தால் மங்கிப்போன கொப்பிக்கு வேலை இருக்காது.

இன்னொரு வழி அதைவிட எளிது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012இலிருந்து ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற பெயரில் இயற்பியல், உயிரியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு முழு நூல்களை இலவசமாகத் தருகிறது. அவற்றுள் பலதை, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். பாடசாலை நூல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வருடா வருடம் அச்சிட்டுத் தரும் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் உங்கள் அமைச்சின் கீழ்தான் இருக்கிறது. முதலாம் வருட மாணவருக்கு ஆங்கிலம் ஒரு பக்கம், தமிழ் அல்லது சிங்களம் மறுபக்கம் என்று நாலைந்து நூல் போட அந்தத் திணைக்களத்தால் முடியாதா?

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பது அதன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. திறந்த பல்கலைக்கழக விரிவுரையாளராக நீங்கள் அந்த அணியில் இருந்தவர். இன்று அந்தக் கோப்பு உங்கள் மேசையில். ஆறு வீதம் ஒரே வருடத்தில் வராது என்பதை இந்த ஊர்க்காரரும் அறிவார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் யாழ்ப்பாண நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபாய் ஒதுக்கியபோது கிழக்கிலும் சந்தோஷப்பட்டார்கள். எரிந்த நூலகத்துக்கு அது சேர வேண்டிய காசு.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் பல்கலைக்கழக நூலகங்களின் பாடநூல் கொள்வனவைத் தனி வரியாகக் காட்டுங்கள். கட்டடம், வாகனம், தளபாடம் என்ற தலைப்புகளுக்குள் அது காணாமல் போகாதிருக்கட்டும். உயர்தரத் தமிழ்மொழி மூல வளநூல்களை அச்சிட்டுப் பாடசாலைக்கே அனுப்பி வையுங்கள். மாரிக்கு முன் அனுப்பினால் நல்லது; கிட்டங்கியில் வெள்ளம் ஏறிவிட்டால் லொறி இந்தப் பக்கம் வராது.