வகுப்பு ரெப்பை யார் தேர்ந்தெடுப்பது?

18 வயது நிரம்பிய ஒரு கல்லூரி மாணவி எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கலாம். எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாம். ஊருக்குப் போனால் பஞ்சாயத்துத் தலைவருக்கும் வார்டு மெம்பருக்கும் ஓட்டுப் போடலாம். ஆனால் தன்னோடு ஒரே வகுப்பில் படிக்கிற அறுபது பேரில் யார் ரெப் என்பதை மட்டும் அவள் முடிவு செய்ய முடியாது. அதை ஹெச்.ஓ.டி. முடிவு செய்வார்! தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளின் நிலைமை இதுதான்.

ஓட்டுப் போடும் வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல். இன்றைய இளைஞர்கள் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் என்பதுதான் அந்த 61-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த விவரம் கல்லூரி கேட்டுக்கு வெளியே இருக்கிறது, உள்ளே நுழைந்ததும் காணாமல் போய்விடுகிறது போலிருக்கிறது...

துறை நியமிக்கும் ரெப் என்ன செய்வார்? பீஸ் கட்டக் கடைசித் தேதியை அறிவிப்பார். நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துத் தருவார். அட்டெண்டன்ஸ் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் இன்டர்னல் மார்க்கில் அநியாயம் நடந்தாலோ, ஹாஸ்டல் மெஸ்ஸில் புழு நெளிந்தாலோ அவர் வாய் திறப்பாரா? அவரை நியமித்ததே துறைதான். நாளைக்கே மாற்றவும் துறையால் முடியும். அவர் நல்லவராக இருக்கலாம், ஆனாலும் மேலே இருப்பவர் சொல்வதைக் கீழே கொண்டுவரும் தபால்காரராகத்தான் இருக்க முடியும். கீழே இருப்பவர் குறையை மேலே கொண்டுபோக வேண்டுமென்றால், கீழே இருப்பவர்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும்.

"தேர்தல் வைத்தால் அடிதடி வரும்" என்பதுதான் நிர்வாகங்களும் பெற்றோரும் சொல்லும் பதில். இதை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. 2006 ஆகஸ்டில் உஜ்ஜைனில் மாணவர் தேர்தல் தகராறின் நடுவே ஒரு பேராசிரியர் உயிரிழந்தார். 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் சுவரெழுத்துத் தகராறு முற்றி ஒரு மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். வட்டவடை மலைக்கிராமத்திலிருந்து படிக்க வந்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பையன். அந்த வீட்டாரிடம் போய் மாணவர் ஜனநாயகத்தைப் பற்றிப் பாடம் எடுக்க யாருக்கும் வாய் வராது.

சரி, தேர்தல் இல்லையென்றால் அடிதடி இல்லையா? 2008 நவம்பரில் சென்னை அம்பேத்கர் சட்டக் கல்லூரி வாசலில், போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க, மாணவர்கள் மாணவர்களையே கட்டைகளால் அடித்ததை ஊரே டி.வி.யில் பார்த்தது. அது தேர்தல் சண்டை அல்ல, சாதிச் சண்டை. சென்னையின் சில கல்லூரிகளில் பஸ் ரூட்டுக்கு ஒரு 'ரூட்டு தல' உண்டு. அவருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? யாரும் இல்லை. 2011-லேயே உயர்நீதிமன்றம் தடை விதித்த 'பஸ் டே'யை 2019 ஜூனிலும் கொண்டாடி, பஸ் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாகச் சரிந்து விழுந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது.

பல நூறு இளைஞர்கள் கூடும் இடத்தில் தலைவர்கள் உருவாகத்தான் செய்வார்கள். ஓட்டுப்பெட்டி வைத்தால், அடுத்த வருடம் தோற்கடிக்கப்படலாம் என்ற பயமுள்ள தலைவர் வருவார். வைக்காவிட்டால் சாதி பலமோ கைபலமோ உள்ளவர் வருவார். அவரைத் தோற்கடிக்க வழியே கிடையாது!

மாணவர் தேர்தலைப் பற்றிப் பேசினாலே 'லிங்டோ கமிட்டி' என்ற பெயர் அடிபடும். உச்சநீதிமன்ற உத்தரவின்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் அமைந்த குழு அது. அதன் பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் நீதிமன்றம் ஏற்று அமல்படுத்தச் சொன்னது. ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும். 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். அந்த வருடத்தில் அரியர் இருக்கக்கூடாது. மனுத்தாக்கலில் தொடங்கி முடிவு அறிவிப்பது வரை 10 நாட்களுக்குள் முடிய வேண்டும். கட்சிகளின் தலையீடு கூடாது.

பலரும் இந்தக் கட்டுப்பாடுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, லிங்டோ ஏதோ தேர்தலை நிறுத்தச் சொன்னது போலப் பேசுகிறார்கள். அதே அறிக்கை, மாணவர் பிரதிநிதிகளைத் தேர்தல் மூலமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. நிலைமை சரியில்லாத இடங்களில் நியமன முறை இருக்கலாம், ஆனால் அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே; ஐந்து வருடத்துக்குள் தேர்தலுக்கு மாறிவிட வேண்டும் என்கிறது. மார்க்கை மட்டும் பார்த்து நியமிப்பதும் சரியல்ல என்கிறது. ஐந்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. இடைக்காலம்தான் முடிந்தபாடில்லை.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. டெல்லி பல்கலைக்கழகத் தேர்தலில் அச்சடித்த போஸ்டர்களும் துண்டுப் பிரசுரங்களும் தெருவையே மூடின. 2024 செப்டம்பரில், சுவர்களைச் சுத்தம் செய்யும் வரை ஓட்டு எண்ணக்கூடாது என்று உயர்நீதிமன்றமே தடுத்தது. செப்டம்பர் 27-ல் போட்ட ஓட்டுக்கு நவம்பர் 25-ல்தான் முடிவு வந்தது. அதே ஊரில் ஜே.என்.யூ.வில் தேர்தலை நடத்துவது மாணவர்களே அமைக்கும் தேர்தல் குழு. தலைவர் வேட்பாளர்கள் எல்லா மாணவர் முன்னாலும் மேடையேறி, எதிராளியின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கேயும் கைகலப்பு நடந்திருக்கிறது. லிங்டோ விதிகளை மீறியதாக 2008-ல் உச்சநீதிமன்றம் தடை விதித்து, 2012 வரை தேர்தலே நடக்கவில்லை. கொரோனாவுக்குப் பின் 2024 மார்ச்சில் மீண்டும் தேர்தல் வந்தபோது சுமார் 73 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். வேண்டாத ஒன்றுக்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை.

"மாணவர்களுக்கு எதற்கு அரசியல்?" என்று கேட்கும் தமிழ்நாடுதான், 1965-ல் மொழிப் பிரச்னையில் மாணவர்கள் தெருவில் இறங்கியதைப் பெருமையாகச் சொல்கிறது. இரண்டே வருடத்தில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்த பெ.சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்தவர்தான். வரலாற்றுப் பாடத்தில் மாணவர் அரசியல் இனிக்கிறது. வளாகத்தில் மட்டும் கசக்கிறது!

இதைவிடவும் அவசரமான ஒரு காரணம் உண்டு. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்புகார் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அதில் மூன்று மாணவர்கள் இடம்பெற வேண்டும், அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2015-ம் வருட விதியே சொல்கிறது. செல்வாக்குள்ள ஒருவர் மீது புகார் கொடுக்க ஒரு பெண் தயங்கி நிற்கும்போது, குழுவில் இருக்கும் மாணவர் நிர்வாகம் கைகாட்டியவரா, சக மாணவர்கள் தேர்ந்தெடுத்தவரா என்பது அவளுக்குச் சின்ன விஷயமா?

இதற்குக் கொடியும் கோஷமும் தேவையில்லை. வகுப்புக்கு ஒரு பெட்டி, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, ரகசிய ஓட்டு... அரைமணி நேர வேலை. அப்படித் தேர்வாகும் ரெப்கள் கூடிக் கல்லூரிப் பேரவையைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய வளாகங்களுக்கு லிங்டோ கமிட்டி சொன்ன வழிகளில் இதுவும் ஒன்று. அடுத்த செமஸ்டர் தொடங்கும்போது ஒரே ஒரு வகுப்பாவது ஹெச்.ஓ.டி.யிடம் போய், "சார், ரெப்பை நாங்களே ஓட்டுப் போட்டு எடுத்துக்கிறோம்" என்று கேட்டுப் பார்க்கட்டும். அவர் மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை எல்லோரும் கேட்பதே நல்ல தொடக்கம்தான்.