கார் ஓட்டத் தெரிந்தால் போதுமா?

வணக்கம் நேயர்களே... மன்னிக்கவும், வாசகர்களே! மைக் முன்னால் பழகிய வாய் எழுதும்போதும் மாறமாட்டேன் என்கிறது. அந்த வாய் செய்த தவறு ஒன்றைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் மாலை நிகழ்ச்சியில் அழைத்த ஒரு தம்பி, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். "கார் ஓட்டத் தெரியும்ல? அப்புறம் என்ன, தூள் கிளப்புங்க!" என்று சிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். பாட்டு முடிவதற்குள் மாமாவிடமிருந்து வாட்ஸ்அப்: "சனிக்கிழமை என் வேலை இடத்துக்கு வாம்மா."

மாமா ஷா ஆலமில் ஒரு கிடங்கில் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பாதுகாப்புக் காலணியும் பளபளக்கும் சட்டையும் மாட்டிவிட்டு, ஒவ்வொன்றாகக் காட்டினார்.

முதலில் பேலட் ஜாக். பேலட்டுக்கு அடியில் நுழைத்து, கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் சரக்கு தரையை விட்டுச் சில அங்குலம் எழும். இழுத்துப் போகலாம், உயரத்தில் அடுக்க முடியாது.

அடுத்தது நாம் எல்லோரும் பார்த்திருக்கும் கவுண்டர்பேலன்ஸ். முன்னால் இரண்டு முள், பின்னால் கனத்த இரும்பு எடை. "சீசா மாதிரிதான்மா. முன் சக்கரம் நடுக்கட்டை. முன்னால பாரம் மிஞ்சினா வால் தூக்கிரும்." லாரியில் சரக்கு ஏற்றி இறக்க இதுதான். வெளியே டீசல் வண்டி ஓடலாம். கிடங்குக்குள் புகை சேரும் என்பதால் பெரும்பாலும் பேட்டரி வண்டி.

உயரமான அடுக்குகளுக்கு நடுவே ஓடுவது ரீச் டிரக். கவுண்டர்பேலன்ஸ் திரும்ப மூன்றரை, 4 மீட்டர் வழி வேண்டும். இதற்கு 3 மீட்டர் வாக்கில் போதும். ஓட்டுநர் பக்கவாட்டில் உட்காருவார். முள் முன்னால் நீண்டு, 10 மீட்டர் உயரத்தில்கூடப் பேலட்டை வைக்கும். சக்கரம் சின்னது, சமதளத் தரை இல்லாமல் ஓடாது.

கடைசியாக ஆர்டர் பிக்கர். இதில் சரக்கோடு ஆளும் மேலே போவார். இணையத்தில் நாம் வாங்கும் ஒற்றைப் பெட்டியை அடுக்கிலிருந்து எடுப்பது இப்படித்தான். இடுப்பிலும் தோளிலும் வார் மாட்டாமல் ஏறக்கூடாது.

"இதுல எதும்மா கார் மாதிரி இருக்கு?" என்றார் மாமா.

திரும்புவது பின் சக்கரம். வண்டி இடப்பக்கம் வளைந்தால் வால் வலப்பக்கம் வீசும்; அங்கே நிற்பவரை அடிக்கும். இரண்டரை டன் தூக்கும் வண்டியே மூன்றரை டன்னுக்கு மேல் கனக்கும், மூன்று மைவி காரைவிட அதிகம். அந்த இரண்டரை டன்னும் எப்போதும் தூக்கும் என்று நம்பக்கூடாது. பெட்டி நீளமானால், உயரம் கூடினால், அளவு குறையும். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் கணக்கு இருக்கிறது.

"உட்கார்ந்து ஓட்டுற கவுண்டர்பேலன்ஸ் சாஞ்சா குதிக்கக்கூடாது. பெல்ட்டோட உள்ளயே இருந்து, ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிச்சு, விழுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயணும். என் கூட்டாளி குதிச்சான். வண்டிக்கூடு அவன் கால்மேல விழுந்திருச்சு. அவனுக்கு யாரும் சொல்லித் தரல."

கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.

"வாயாலதானே சம்பாதிக்கிற. அளந்து பேசணும்மா."

அன்று மாலையே அந்தத் தம்பியின் எண்ணைத் தேடி அழைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டார்களாம். பயிற்சி "அப்புறம் பார்க்கலாம்" என்றார்களாம். மாமா சொன்னதையெல்லாம் சொன்னேன். தொழிலாளருக்குப் பயிற்சி தருவது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, அதைச் சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளலாம். இந்த உரிமை 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ளது.

"கேட்டா வேலை போயிருமாக்கா?" என்றார். அதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இந்த வாரம் குரல்செய்தி வந்தது: "அக்கா, அடுத்த வாரம் பயிற்சிக்கு அனுப்புறாங்க. அதுவரைக்கும் பேலட் ஜாக்தான் இழுக்கிறேன்."

இழுங்கள் தம்பி. உங்கள் வீட்டிலும் கிடங்கு வேலைக்குப் போகிறவர் இருந்தால், இன்று இரவுச் சாப்பாட்டின்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: யார் சொல்லிக்கொடுத்தது?