வெட்டுப்புள்ளி தவறினால்?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் எங்கள் ஊரில் இரண்டு கேள்விகள்தான். முதலாவது, "இசட் புள்ளி எவ்வளவு?" குறைவென்றால் அடுத்தது, "மாப்பிள்ளை பார்க்கிறீங்களா?" இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதை யாரும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவர் அரச பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்துக்குச் சேரலாம். 1960இலேயே அதற்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி இல்லை. ஆனால் 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைக் கற்கைநெறியை முடித்துப் பட்டப்படிப்புக்குப் போகலாம். அதன் கண்டி நிலையம் பொல்கொல்லையில், மாத்தளைக்குத் தூரமில்லை. மூன்று பாடமும் சித்தியடைந்து வெட்டுப்புள்ளி மட்டும் தவறியவர், பேராதனையின் வெளிவாரிக் கலைப்பட்டத்துக்கு அரசியல் விஞ்ஞானத்தை எடுக்கலாம். காசு கட்ட வேண்டும், உண்மைதான். கல்யாண மண்டபத்துக்குக் கட்டும்போது யாரும் இவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லையே!

நான் படிக்க விரும்புவதும் அரசியல் விஞ்ஞானம்தான். "பொம்புளப் பிள்ளைக்கு அது எதுக்கு?" என்கிறார்கள். 2018 உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மாத்தளை மாநகர சபையிலோ உக்குவளைப் பிரதேச சபையிலோ அந்த ஆசனத்தில் அமர்பவர், வரவுசெலவுத் திட்டத்தை வாசித்து விளங்கிக் கேள்வி கேட்க வேண்டாமா? பட்டியலை நிரப்ப ஒரு பெயர் போதுமா?

பெற்றோரே, பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல் இந்த வழிகளை இப்போதே மகளோடு பேசுங்கள். நான் வாப்பாவிடம் பேசிவிட்டேன். "விண்ணப்பம் எப்ப கோருவாங்க?" என்று கேட்டார்.