கேர்டாவைக் காணவில்லை

டிஸ்னியின் 'ஃப்ரோஸன்' வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. இன்னும் வெள்ளவத்தையில் பிறந்தநாள் கேக் என்றால் நீலச் சட்டை போட்ட எல்சா. கொட்டாஞ்சேனையில் நேர்சரிப் பிள்ளையின் புத்தகப்பையிலும் எல்சா. 2019 இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளுக்குத் தமிழில் குரல் கொடுத்தது ஸ்ருதி ஹாசன். எங்கள் வீட்டுக் குட்டித் தங்கச்சிமாருக்கு அவள் சொந்தக்காரி மாதிரி. ஆகவே பேச்சு விழும் என்று தெரிந்துகொண்டே சொல்கிறோம்: ஃப்ரோஸன் ஒரு பெரிய கதையைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்ட படம்.

அந்தக் கதை, ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் 1844 இல் எழுதிய 'பனி ராணி'. கேர்டா, கய் என்று இரண்டு ஏழைப் பிள்ளைகள், பக்கத்துப் பக்கத்து வீடு. நல்லதையெல்லாம் அசிங்கமாகக் காட்டும் ஒரு பேய்க் கண்ணாடி உடைகிறது. அதன் துண்டொன்று கய்யின் கண்ணிலும் இன்னொன்று நெஞ்சிலும் ஏறுகிறது. பிறகு பனி ராணி அவனைக் கொண்டுபோய்விடுகிறாள். ஆற்றில் விழுந்து செத்திருப்பான் என்று ஊர் முடிவெடுக்கிறது. கேர்டா மட்டும் தேடிப் புறப்படுகிறாள். தன் புதுச் சிவப்புச் சப்பாத்தை ஆற்றுக்குக் கொடுத்து, அவனைத் திருப்பித் தா என்று கேட்கிறாள்.

படத்தில் இதில் என்ன மிச்சம்? பனி, ஒரு கலைமான், நெஞ்சில் ஏறும் குளிர். அவ்வளவுதான். கண்ணாடி இல்லை, தொலைந்துபோகும் கய் இல்லை, தேடிப் போகும் கேர்டா இல்லை. ஹான்ஸ், கிறிஸ்டாஃப், அனா, ஸ்வென் என்று பாத்திரங்களுக்கு எழுத்தாளரின் பெயரைப் பிய்த்து வைத்தார்கள். கதையை வைக்கவில்லை.

"ஆனா அது பெண்ணியப் படம், இளவரசன் வந்து காப்பாத்தேல்லையே" என்பார்கள். சரி, எண்ணிப் பார்ப்போம். எல்சா, அனா இருவரும் அரண்மனைப் பிள்ளைகள். அவர்களைச் சுற்றி முக்கியமாக நிற்பதெல்லாம் ஆண்கள்தான், பனிப் பொம்மை உட்பட. அண்டர்சனின் கதையிலோ கேர்டாவுக்கு வழிகாட்டுவது கத்தியோடு படுத்துறங்கும் கொள்ளைக்காரச் சிறுமி, லாப்லாந்துக் கிழவி, பின்லாந்துக்காரி. இவளுக்கு ஏதாவது மந்திர சக்தி கொடு என்று கலைமான் கேட்க, இவளிடம் இருப்பதை விடப் பெரிதாக என்னால் எதுவும் கொடுக்க முடியாது என்கிறாள் அந்தப் பின்லாந்துக்காரி. கேர்டா வெறுங்காலோடு போய் ஒரு பையனை மீட்கிறாள். சக்தி பிறப்பில் வரவேண்டும், அதுவும் ராஜ வீட்டுப் பிறப்பில் வரவேண்டும் என்பது ஃப்ரோஸன் சேர்த்தது.

"அனாவும் தேடித்தானே போறாள்?" போகிறாள். குதிரையில், நாட்டை இன்னொருவன் கையில் ஒப்படைத்துவிட்டு. அக்கா உயிரோடு இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். பாதிப் படத்திலேயே கண்டும்விடுகிறாள். கேர்டாவின் தேடல் வேறு. செத்துவிட்டான் என்று எல்லோரும் சொன்ன பிறகு தேடுவது அது.

இந்த வித்தியாசம் எங்களுக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் அம்மாமார் படங்களை ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2008, 2009 இல் கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் 11 பேர் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். அவர்களுடைய வீட்டாரும் தேடி அலைந்தார்கள். 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. அதிகாரியிடம் சொன்னார். மரணச் சான்றிதழ் பற்றியும் பேசினார். அந்த அம்மாமார் நம்பவில்லை. அவர்களுடைய கய் திரும்பி வருவான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் தேடுகிற பெண்ணைப் பைத்தியக்காரி என்று சொல்லாத ஒரு கதை உலகத்தில் இருந்தது. எங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்தபோது அதில் அவளை மட்டும் காணவில்லை.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பாரம்" என்ற சாட்டும் வேண்டாம். 1957 இல் சோவியத் இயக்குநர் லெவ் அத்தமானோவ் இதே கதையைக் கார்ட்டூன் படமாக எடுத்தார். கேர்டா இருக்கிறாள், கொள்ளைக்காரச் சிறுமியும் இருக்கிறாள். ஜப்பானின் மியசாகியே தன்னைப் பாதித்த படம் என்று சொன்ன படம் அது.

டிஸ்னியில் நடந்தது வேறு. எல்சாவை முதலில் வில்லியாகத்தான் எழுதினார்கள். 'லெட் இட் கோ' பாட்டு வந்ததும் அவளுக்காகக் கதையையே மாற்றினார்கள். படம் 120 கோடி டொலருக்கு மேல் உழைத்தது. பாட்டு நல்ல பாட்டு, நாங்களும் பாடியிருக்கிறோம். ஆனால் ஒரு பாட்டுக்காக ஒரு கதையை விற்கலாமா?

அண்டர்சன் 1875 இல் இறந்தார். 'பனி ராணி' இன்று யாருடைய சொத்தும் இல்லை, யாரும் எடுத்துச் சொல்லலாம். ஏழு பகுதிகள். இரவுக்கு ஒன்றாகத் தங்கச்சிக்குச் சொன்னால் ஒரு கிழமையில் முடிந்துவிடும். வரையத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எங்களோடு சேருங்கள், தமிழில் ஏழையும் வரைவோம். முதல் படத்தில் கேர்டா ஆற்றங்கரையில் நிற்கட்டும், சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு.